இயல் 7: எழுத்துத் திருட்டு – வருமுன் தடுப்பதும் வந்தபின் கையாள்வதும்

"பத்துக்குள்ள வந்துடுச்சா?" ஆய்வேடு சமர்ப்பிக்கும் காலத்தில் பல்கலைக்கழக வளாகங்களில் அதிகம் காதில் விழும் கேள்வி இது. வந்துவிட்டது என்றால் ஸ்காலர் மூச்சு விடுகிறார், கைடு கையெழுத்துப் போடுகிறார், நூலகம் சான்றிதழ் தருகிறது. இத்தனை பேர் கைமாறியும் அறிக்கையின் முதல் பக்கத்தைத் தாண்டி ஒருவரும் படித்திருக்க மாட்டார்கள். ஆய்விதழ்களிலும் இதே கதைதான். ஒப்புமை அறிக்கையை இணைத்து அனுப்பச் சொல்கிறோம், எண்ணைப் பார்க்கிறோம், அச்சுக்கு விடுகிறோம்.

இந்த இயல் முதலில் இதழாசிரியர்களுக்கும் நெறியாளர்களுக்கும். ஆய்வாளர்களுக்கான பகுதி நடுவில் வருகிறது. அவசரமென்றால் அதை மட்டும் படித்துவிட்டுப் போகலாம். ஆனால் தங்கள் கட்டுரையை எதிர்ப்பக்கத்திலிருந்து எப்படிப் பார்க்கிறார்கள் என்று தெரிந்துகொள்வது அவர்களுக்கும் நல்லது.

பத்து எங்கிருந்து வந்தது

பல்கலைக்கழக மானியக் குழு (யு.ஜி.சி.) 2018 ஜூலையில் வெளியிட்ட கல்வி நேர்மை ஒழுங்குமுறை விதிகள்தாம் இந்தியாவில் இதற்கு அடிப்படை. ஒப்புமை 10 விழுக்காடு வரை இருந்தால் தண்டனை இல்லை. 10-க்கு மேல் 40 வரை முதல் நிலை. மாணவர் ஆறு மாதத்துக்கு மிகாத கெடுவுக்குள் திருத்தித் தர வேண்டும். 40-க்கு மேல் 60 வரை இரண்டாம் நிலை. ஓராண்டுக்குத் திருத்திய பிரதியைக்கூடக் கொடுக்க முடியாது. 60-ஐத் தாண்டினால் பதிவே ரத்து. கட்டுரை வெளியிடும் ஆசிரியர்களுக்குத் தனி வரிசை உண்டு. முதல் நிலையில் கட்டுரையைத் திரும்பப் பெற வேண்டும். இரண்டாம் நிலையில் அதோடு ஓராண்டு ஊதிய உயர்வு போகும், இரண்டு ஆண்டுகளுக்குப் புதிய மாணவர்களை எடுக்க முடியாது. மூன்றாம் நிலையில் அடுத்தடுத்த இரண்டு ஊதிய உயர்வுகளும் மூன்று ஆண்டு நெறியாளர் வாய்ப்பும் போகும்.

இவ்வளவும் எல்லாருக்கும் தெரிந்ததுதான். அதே விதிகளில் யாரும் படிக்காத சில வரிகள் இருக்கின்றன. உரிய சான்றோடு தந்த மேற்கோள்கள், துணைநூற்பட்டியல், பொருளடக்கம், முன்னுரை, நன்றியுரை, பொதுவான கலைச்சொற்கள், சட்ட வாசகங்கள், நிலைபெற்ற சமன்பாடுகள் ஆகியவை கணக்கில் சேரா. தற்செயலாக ஒத்துப்போகும் பதினான்கு தொடர்சொற்கள் வரையும் சேரா. இவற்றையெல்லாம் கழித்தபின் எஞ்சுவதுதான் அந்தப் பத்து. கழிக்காமல் எடுத்த அறிக்கையில் 22 என்று வந்ததற்காக ஒரு மாணவரைத் திருப்பி அனுப்புவதும் பிழை. எல்லாவற்றையும் கழித்து 9 வந்தது என்பதற்காக அந்த ஒன்பதுக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்காமல் விடுவதும் பிழை. விதியை எழுதியவர்கள் தண்டனையை அளக்க ஒரு கோல் கொடுத்தார்கள். நாம் அதை நுழைவுச்சீட்டாக மாற்றிக்கொண்டோம்.

அறிக்கையைப் படிக்கும் முறை

மென்பொருள் திருட்டைக் கண்டுபிடிப்பதில்லை. தன் கிடங்கில் இருக்கும் எழுத்தோடு ஒத்துப்போகும் தொடர்களை மட்டும் நிறம் பூசிக் காட்டுகிறது. பெரிய பதிப்பகங்கள் கிராஸ்ரெஃப் அமைப்பின் வழியாக ஐதென்டிகேட் என்ற ஒப்புமை மென்பொருளைப் பயன்படுத்துகின்றன. 2008-ல் தொடங்கிய இந்தச் சேவையில் பதிப்பகங்கள் தங்கள் கட்டுரைகளையே கிடங்கில் சேர்ப்பதால், கட்டணச் சுவருக்குப் பின்னால் இருக்கும் கட்டுரைகளும் ஒப்பிடப்படுகின்றன. நம் பல்கலைக்கழகங்களுக்கு 2019 முதல் காந்திநகர் இன்ஃப்ளிப்நெட் மையம் சோத்சுத்தி திட்டத்தில் மென்பொருள் வழங்குகிறது. முதலில் அர்குண்ட், பின்னர் ட்ரில்பிட். எந்தக் கருவியானாலும் கிடங்கில் இல்லாதது அதன் கண்ணுக்குத் தெரியாது. ஊரில் அச்சான கருத்தரங்க மலர், 1970-களின் நூல், பக்கத்துத் துறையில் தூசு படிந்து கிடக்கும் எம்.ஃபில். ஏடு ஆகிய எவையும் அங்கே இல்லை.

இரண்டு கட்டுரைகள் வந்திருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று நெய்தல் திணைப் பாடல்களைப் பற்றியது, ஒப்புமை 34. மற்றொன்று ஒரு கிராமத் தெய்வ வழிபாட்டைப் பற்றியது, ஒப்புமை 4. முதல் அறிக்கையைத் திறந்தால் சிவப்பு முழுக்க நற்றிணையும் அகநானூறும்தான். கட்டுரையாளர் பாடல்களை முழுமையாகத் தந்து எண்ணும் குறித்திருக்கிறார், கருவி அவற்றை மேற்கோள் என்று அறியவில்லை. அவருடைய சொந்த வாக்கியம் ஒன்றில்கூட நிறம் இல்லை. இரண்டாவதில் சிவப்பே கிடையாது. ஆனால் களப்பணி செய்த ஊரின் பெயர் ஒரு முறைதான் வருகிறது, தகவலாளி ஒருவரும் இல்லை, கோட்பாட்டுப் பகுதி மட்டும் கனத்த பெயர்களோடு நீள்கிறது, வாக்கியங்கள் தமிழில் நடக்கவில்லை. ஓர் ஆங்கிலக் கட்டுரையைப் பத்தி பத்தியாக மொழிபெயர்த்து வைத்திருக்கிறார். முதலாவதை அன்றைக்கே மதிப்பீட்டுக்கு அனுப்பலாம். நாள் செலவழிக்க வேண்டியது இரண்டாவதற்கு.

அறிக்கையைத் திறந்ததும் மொத்த எண்ணைக் கையால் மறைத்துக்கொண்டு, கருவி எத்தனை சொற்களைப் படித்தது என்று பாருங்கள். இருநூறு பக்க ஏட்டுக்கு எட்டாயிரம் சொற்கள் என்று காட்டினால் மீதிப் பக்கங்கள் படமாக ஒட்டப்பட்டிருக்கின்றன, அல்லது கருவிக்குப் புரியாத எழுத்துருவில் இருக்கின்றன. ஆங்கிலக் கட்டுரைகளில் வேறொரு வித்தை உண்டு. சில எழுத்துகளுக்குப் பதிலாக அதே தோற்றமுள்ள ரஷ்ய எழுத்துகளைப் போட்டுவிடுவார்கள். கண்ணுக்கு வேறுபாடு தெரியாது, கருவிக்கு அது புதிய சொல். பத்தி முழுவதையும் மேற்கோள் குறிக்குள் வைத்து, குறியை வெள்ளை நிறமாக்குவதும் உண்டு. கோப்பை எளிய உரையாக மாற்றிப் பார்த்தால் மறைத்துவைத்த மேற்கோள் குறிகள் வெளியே வந்துவிடும்.

அடுத்து, ஒற்றை மூலத்திலிருந்து வந்த மிகப் பெரிய பங்கு எவ்வளவு? முப்பது மூலங்களிலிருந்து அரை அரை விழுக்காடாகச் சேர்ந்த 15 பெரும்பாலும் வழக்குத் தொடர்கள்தாம். ஒரே மூலத்திலிருந்து வந்த 7 என்றால் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருங்கள். அது கட்டுரையின் எந்த இடத்தில் இருக்கிறது என்பதும் முக்கியம். ஆய்வகச் செய்முறையைப் பத்துப் பேர் ஏறக்குறைய ஒரே சொற்களில்தான் எழுதுவார்கள். முடிவுகளும் விவாதமும் இன்னொருவருடையதோடு ஒத்துப்போனால் அதற்கு அந்தச் சமாதானம் செல்லாது.

யார் யாரிடமிருந்து எடுத்தார் என்பதையும் தேதியை வைத்து உறுதிசெய்துகொள்ளுங்கள். கட்டுரையாளர் முன்பே முன்பதிப்புத் தளத்தில் ஏற்றிய தன் கட்டுரையே 80 விழுக்காடாக வந்து நிற்கும். கைடு சும்மா சரிபார்க்க ஏற்றிய வரைவு கிடங்கில் தங்கிவிட்டால், இறுதிப் பிரதி தன்னோடு தானே ஒத்துப்போகும். வரைவை ஏற்றும்போது "கிடங்கில் சேர்க்காதே" என்ற தெரிவைத் தொட்டுவிட்டால் இந்தத் தலைவலி இல்லை. தமிழகத்தில் இதற்காக அலைந்த மாணவர்கள் கொஞ்சமல்ல.

சொல்மாற்றுக் கருவிகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். "விழுக்காடு குறைத்துத் தரப்படும்" என்று பிராஜெக்ட் சென்டர்கள் விளம்பரமே செய்கின்றன. திருடிய பத்தியைக் கருவியில் போட்டு ஒவ்வொரு சொல்லுக்கும் வேறு சொல் வாங்குவதுதான் அவர்கள் செய்யும் வேலை. கியோம் கபனாக், சிரில் லாபே, அலெக்சாண்டர் மகசினோவ் ஆகியோர் 2021-ல் இந்த வகைக் கட்டுரைகளைக் கூட்டமாகப் பிடித்தார்கள். செயற்கை நுண்ணறிவு என்பதற்குப் "போலி உணர்வு", மார்பகப் புற்றுநோய்க்கு "நெஞ்சக ஆபத்து" என்ற பொருளில் ஆங்கிலத் தொடர்கள் வெளியான ஆய்விதழ்களிலேயே இருந்தன. மதிப்பீட்டாளர் கையெழுத்திட்டுத்தான் அவை அச்சேறின. அவற்றைப் பிடிக்கக் கருவி எதுவும் வேண்டியதில்லை, துறை தெரிந்த ஒருவர் ஒரு பக்கம் படித்திருந்தால் போதும்.

தமிழில் எழுதப்பட்டால்

தமிழ்க் கட்டுரைக்கு வரும் குறைந்த விழுக்காட்டை நான் சான்றாக ஏற்பதில்லை. நீங்களும் ஏற்க வேண்டாம்.

முதல் காரணம் எழுத்துரு. தமிழ் ஆய்வேடுகளில் பெரும்பகுதி பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சானவை. திரையில் தமிழாகத் தெரியும், கோப்புக்குள் ஆங்கில எழுத்துக் குவியலாக இருக்கும். அதிலிருந்து எடுத்து ஒருங்குறியில் அடித்துக் கொடுத்தால் எந்தக் கருவியும் வாய் திறக்காது. ஆய்வேடுகளின் இணையக் கிடங்கான சோத்கங்காவில் ஏற்றப்பட்ட தமிழ் ஏடுகளில் ஸ்கேன் செய்த படங்களும் உண்டு. இரண்டாவது, புணர்ச்சி. ஒட்டி எழுதியதைப் பிரித்தாலோ பிரித்ததை ஒட்டினாலோ கருவிக்கு அது வேறு சொல்லாகிவிடும். பதினான்கு சொல் விலக்கும் ஆங்கிலத்துக்கு அளவெடுத்துத் தைத்ததுதான். "வந்துகொண்டிருந்தவர்களுக்கெல்லாம்" என்பது நமக்கு ஒரே சொல். தமிழில் பதினான்கு சொல் தொடர்ந்து ஒத்துப்போவதைத் தற்செயல் என்று நம்ப எனக்கு மனம் வரவில்லை.

மூன்றாவதுதான் பெரியது: உரை. சங்கப் பாடலை யாரும் தன் பெயரில் போட்டுக்கொள்வதில்லை. அதற்குப் பின்னத்தூர் நாராயணசாமி ஐயரோ ஔவை துரைசாமிப் பிள்ளையோ எழுதிய விளக்கத்தை எடுத்து, "இப்பாடலில் தலைவி கூறுவதாவது" என்று தன் வாக்கியமாகத் தொடங்கிவிடுகிறார்கள். பாடலுக்கு எண் இருக்கும், உரைக்குப் பெயர் இருக்காது. தமிழ்த்துறை ஏடுகளில் அதிகம் நடப்பதும், குறைவாகக் கேள்வி கேட்கப்படுவதும் இதுதான். நாட்டுடைமையாக்கப்பட்ட நூல்தானே என்று சிலர் சொல்லக்கூடும். நாட்டுடைமை என்பது அந்த நூலை யார் வேண்டுமானாலும் பதிப்பித்து விற்கலாம் என்பதற்கான உரிமை. எழுதியவர் பெயரை எடுத்துவிடும் உரிமையை அரசு யாருக்கும் தரவில்லை. காப்புரிமை தீர்ந்துபோகும், பெயர் சொல்லும் கடமை தீராது.

மொழிபெயர்ப்புத் திருட்டுக்கும் இதே பதில்தான். வழிநூல்களை வகைப்படுத்திய தொல்காப்பியர் தொகுத்தல், விரித்தல், தொகைவிரி ஆகியவற்றோடு மொழிபெயர்ப்பையும் அந்தப் பட்டியலில்தான் வைத்தார். நூலுக்குச் சிறப்புப் பாயிரம் எழுதுகிறவர் ஆக்கியோன் பெயரை அடுத்து, நூல் வந்த வழியைச் சொல்ல வேண்டும் என்று நன்னூல் கேட்கிறது. உ.வே.சா. தாம் பதிப்பித்த நூல்களின் முகவுரையில் எந்தச் சுவடி யாரிடமிருந்து வந்தது என்று பெயர் பெயராக எழுதிவைத்தார். மேலைநாட்டு நெறி நமக்கு எதற்கு என்று யாராவது சலித்துக்கொண்டால் இந்தப் பக்கங்களைக் காட்டலாம்.

கருவி உதவாத இடத்தில் கண்தான் உதவ வேண்டும். தனிக் கட்டுரை ஒன்றில் "இவ்வியலில்", "சென்ற இயலில் கண்டவாறு" என்று வருகிறதா? யாருடைய ஏட்டிலிருந்தோ வெட்டப்பட்டிருக்கிறது. முதுகலையை 2016-ல் முடித்தவர், இணையதளத்தைப் பார்த்த நாள் என்று 2009-ஐக் குறித்திருக்கிறாரா? அடிக்குறிப்போடு சேர்த்தே எடுத்திருக்கிறார். ஒரு பக்கம் "அவைகள்", அடுத்த பக்கம் "அவை". ஒரு பத்தியில் ஒற்று மிகுகிறது, அடுத்ததில் எங்குமே இல்லை என்றால் எழுதிய கை மாறியிருக்கிறது. எழுத்துரு மாற்றியில் விழுந்த பிழைகள் இன்னும் நல்ல சான்று. கொம்பும் காலும் இடம் மாறி விழுந்த ஒரு சொல், மூலத்திலும் கட்டுரையிலும் அதே இடத்தில் அதே பிழையோடு இருந்தால் அதற்கு மேல் விவாதம் தேவையில்லை. சந்தேகத்துக்குரிய பத்தியில் அதிகம் பழகாத சொற்சேர்க்கை உள்ள ஒரு தொடரை எடுத்து, மேற்கோள் குறிக்குள் வைத்துத் தேடுங்கள். ஒட்டியும் பிரித்தும் இருமுறை தேடுங்கள்.

எழுதுகிறவருக்கு

திட்டமிட்டுத் திருடுகிறவருக்கு இந்தப் பகுதி பயன்படாது. குறிப்பேட்டால் மாட்டிக்கொள்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். படிக்கும்போது வாக்கியத்தை அப்படியே கணினியில் அடித்து வைக்கிறோம், பக்க எண்ணைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விடுகிறோம். ஆறு மாதம் கழித்து அது நம் வாக்கியம் போலவே தெரிகிறது. மூலத்தின் சொற்களை ஒரு நிறத்திலும் நம் சொற்களை இன்னொரு நிறத்திலும் அடிக்கும் வழக்கத்தை முதல் நாளிலிருந்தே வைத்துக்கொள்ளுங்கள். பக்க எண் இல்லாத குறிப்பைக் குறிப்பாகவே எண்ண வேண்டாம்.

ஒரு கருத்தை உங்கள் சொற்களில் சொல்ல வேண்டுமென்றால் மூலத்தை மூடிவிட்டு எழுதுங்கள். திறந்துவைத்துக்கொண்டு சொல்லுக்குச் சொல் மாற்றினால் வாக்கியத்தின் எலும்புக்கூடு அவருடையதாகவே இருக்கும். மூடிவிட்டு எழுத வரவில்லை என்றால் இன்னும் விளங்கவில்லை என்று பொருள், திரும்பப் படியுங்கள். எழுதிய பிறகும் பெயர் குறிக்க வேண்டும். சொற்கள் உங்களுடையவை, கருத்து அவருடையது.

திறனாய்வாளர் கைலாசபதியைப் படிக்காமல், இன்னொருவர் எடுத்துக்காட்டிய கைலாசபதியை எடுத்துவிட்டு அடிக்குறிப்பில் கைலாசபதியின் நூலைப் போடுவது தமிழில் வெகு சாதாரணம். நடுவில் இருப்பவர் ஒரு சொல்லை விட்டிருந்தால் அந்தப் பிழையும் உங்கள் கணக்கில் ஏறும். மூலத்தைப் பாருங்கள். கிடைக்கவில்லையென்றால் யார் வழியாகக் கண்டீர்கள் என்று எழுதுங்கள், அதில் கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை.

தன் எழுத்தையே மறுபடி விற்பதும் இதில் அடங்கும். பன்னாட்டுக் கருத்தரங்கில் வாசித்து, ஐ.எஸ்.பி.என். எண்ணோடு மலரில் அச்சாகி, தலைப்பை மாற்றி ஆய்விதழில் வந்து, கடைசியில் கட்டுரைத் தொகுப்பிலும் சேர்வது நம் துறைகளின் வாடிக்கை. முன்பு வந்ததைச் சொல்லாமல் மறுபடி வெளியிடுவதையும், ஒரே ஆய்வைத் துண்டுதுண்டாக்கிப் பல கட்டுரையாக்குவதையும் ஏற்பதில்லை என்று யு.ஜி.சி. 2020 ஏப்ரலில் தனி அறிவிப்பே வெளியிட்டது. மலரில் வந்த கட்டுரையை விரித்து இதழுக்கு அனுப்பக் கூடாது என்பதில்லை. அனுப்பும் கடிதத்திலும் முதல் அடிக்குறிப்பிலும் அதைச் சொல்லிவிட்டால் போதும், முடிவு இதழாசிரியர் கையில்.

கூட்டாக எழுதும்போது எல்லாரும் எல்லாப் பக்கங்களையும் படிக்க வேண்டும். வேதியியலாளர் சி.என்.ஆர். ராவ் இணையாசிரியராக இருந்த ஒரு கட்டுரை 2011-ல் 'அட்வான்ஸ்டு மெட்டீரியல்ஸ்' இதழில் வந்தது. அதன் சில வாக்கியங்கள் முன்பு வந்த இன்னொரு கட்டுரையிலிருந்து எடுக்கப்பட்டிருந்தன. அவற்றைச் சேர்த்தது குழுவிலிருந்த ஒரு மாணவர் என்று பின்னர் சொல்லப்பட்டது. இதழில் மன்னிப்புக் குறிப்பு வெளியானது, கட்டுரை திரும்பப் பெறப்படவில்லை. முடிவுகள் சொந்தமானவை, எடுக்கப்பட்டவை சில வரிகளே. ஆனாலும் நாடெங்கும் செய்தியானது மூத்தவரின் பெயர்தான். மாணவர் எழுதிய முன்னுரைப் பகுதியைப் படிக்காமல் கையெழுத்திடும் கைடுகள் இதை மறக்கக் கூடாது.

செயற்கை நுண்ணறிவைப் பற்றிச் சுருக்கமாக: அதை ஆசிரியராகக் குறிக்கக் கூடாது என்பது வெளியீட்டு நெறிக் குழுவான கோப் 2023-ல் எடுத்த நிலைப்பாடு. எதற்குப் பயன்படுத்தினோம் என்று கட்டுரையில் சொல்ல வேண்டும். அது தரும் மேற்கோள்களில் இல்லாத நூல்கள் இருக்கும், ஒவ்வொன்றையும் எடுத்துப் பார்க்க வேண்டும். இதழாசிரியர்களுக்கு ஒரு வார்த்தை: "இயந்திரம் எழுதியது" என்று கண்டறியும் கருவிகளை நம்பி யாரையும் தண்டிக்காதீர்கள். ஆங்கிலம் தாய்மொழியல்லாதவர்கள் எழுதிய டோஃபல் தேர்வுக் கட்டுரைகளில் பாதிக்கு மேலானவற்றை இத்தகைய கருவிகள் இயந்திரம் எழுதியவை என்று பிழையாகச் சொன்னதை ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் 2023-ல் காட்டினார்கள். அந்தப் பிழையில் முதலில் சிக்குகிறவர்கள் நம் பிள்ளைகள்.

தெரிந்துவிட்டது, இனி?

உங்கள் மேசையில் இருக்கும் கட்டுரை இன்னும் வெளியாகவில்லை என்றால் வேலை எளிது. இரண்டு பத்தியில் மட்டும் மேற்கோள் குறி விடுபட்டிருக்கிறதா? எந்தெந்த வரிகள் என்று குறித்துத் திருத்தக் கேளுங்கள். முதல் கட்டுரை எழுதும் மாணவருக்கு அது பாடம், அவ்வளவுதான். பக்கக்கணக்கில் எடுக்கப்பட்டிருந்தால், அல்லது தரவே இன்னொருவருடையது என்றால், உடனே மறுப்புக் கடிதம் அனுப்பி முடித்துவிடாதீர்கள். மறுக்கப்பட்ட கட்டுரை மறுநாளே இன்னோர் இதழுக்குப் போய்விடும். முதலில் ஓர் அட்டவணை தயாரியுங்கள். இடப்பக்கம் கட்டுரை, வலப்பக்கம் மூலம், பக்க எண்களோடு. பிறகு எழுதுங்கள்.

"மதிப்பிற்குரிய அம்மா / ஐயா, எங்கள் பரிசீலனையில் உள்ள தங்கள் கட்டுரையின் 4 முதல் 7 வரையிலான பக்கங்களுக்கும், முன்பே வெளியான இன்னொரு கட்டுரையின் பகுதிகளுக்கும் கணிசமான ஒப்புமை இருப்பதைக் காண்கிறோம். இரண்டையும் அருகருகே வைத்த அட்டவணையை இணைத்துள்ளோம். இதுபற்றித் தங்கள் விளக்கத்தைக் குறிப்பிட்ட தேதிக்குள் எழுத்தில் தெரிவிக்க வேண்டுகிறோம். அதுவரை கட்டுரையின் மதிப்பீடு நிறுத்திவைக்கப்படுகிறது."

இதில் "திருட்டு" என்ற சொல் இல்லை என்பதைக் கவனியுங்கள். முடிவு தெரியும் முன் அந்தச் சொல்லை எழுதினால் வழக்கு உங்கள் மீது திரும்பும். தொலைபேசியில் பேசித் தீர்த்துக்கொள்ளலாம் என்று யாராவது அழைத்தால், "அன்புகூர்ந்து எழுத்தில் தாருங்கள்" என்று மட்டும் சொல்லுங்கள். தமிழ்ச் சூழலில் இது கடினம்தான். கட்டுரையாளர் உங்கள் நண்பரின் மாணவராக இருப்பார், நண்பர் உங்கள் மாணவரின் வாய்மொழித் தேர்வுக்கு வருபவராக இருப்பார். அப்படியானால் அந்தக் கோப்பை ஆசிரியர் குழுவில் வேறொருவரிடம் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளுங்கள்.

பதில் வராவிட்டால் இணையாசிரியர்கள் எல்லாருக்கும் எழுதுங்கள். தன் பெயர் அந்தக் கட்டுரையில் இருப்பதே தெரியாத இணையாசிரியர்களும் உண்டு. அதிலும் பதில் இல்லையென்றாலோ, வந்த பதில் நம்பும்படி இல்லையென்றாலோ, அவர் வேலை செய்யும் நிறுவனத்துக்குப் போக வேண்டும். 2018 விதிகளின்படி துறை அளவில் ஒரு கல்வி நேர்மைக் குழுவும் நிறுவன அளவில் ஒரு குழுவும் இருக்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் 45 நாள் கெடு. துறைக் குழுவில் வேறு துறையிலிருந்து ஒரு மூத்த பேராசிரியரும், கருவிகள் தெரிந்த ஒருவரும் இருக்க வேண்டும். பல கல்லூரிகளில் இந்தக் குழு தாளில் மட்டும் இருக்கும். ஆகவே கடிதத்தைத் துறைத் தலைவரோடு நிறுத்தாமல் பதிவாளருக்கும் படி அனுப்புங்கள். தண்டிப்பது இதழின் வேலையில்லை. சான்றை ஒப்படைப்பதும், தன் பக்கங்களைத் திருத்துவதும்தான் இதழால் ஆகக்கூடியது. குற்றம் ஐயமின்றி நிறுவப்பட்டு, எதிர்வாதத்துக்கும் மேல்முறையீட்டுக்கும் வாய்ப்பளித்த பின்னரே தண்டனை என்று அதே விதிகள் சொல்கின்றன.

புகார் கொடுத்தவரைப் பாதுகாப்பதை எந்த விதியும் போதிய அளவு சொல்லவில்லை. 2002-ல் நைனிடாலின் குமாவூன் பல்கலைக்கழகத் துணைவேந்தர் பெயரில் வந்த ஓர் இயற்பியல் கட்டுரை, 1996-ல் ஸ்டான்ஃபோர்டின் ரெனாட்டா கல்லோஷும் சகாக்களும் வெளியிட்ட கருந்துளை ஆய்விலிருந்து எடுக்கப்பட்டது என்று அந்தப் பல்கலைக்கழகத்தின் இயற்பியலாளர்களே குற்றம் சாட்டினார்கள். உள்ளேயிருந்து சொன்னவர்கள் நெருக்கடிக்கு ஆளானார்கள். ஸ்டான்ஃபோர்டு இயற்பியலாளர்கள் அன்றைய குடியரசுத் தலைவர் அப்துல் கலாமுக்குக் கடிதம் எழுதிய பிறகுதான் விசாரணை வேகம் பிடித்தது. ஓய்வுபெற்ற நீதிபதியின் தலைமையிலான குழு குற்றத்தை உறுதிசெய்தது, 2003-ல் துணைவேந்தர் பதவி விலகினார். குடியரசுத் தலைவர் வரை போகும் வாய்ப்பு எல்லாப் புகார்தாரருக்கும் இல்லை. பெயர் சொல்லாமல் வரும் கடிதத்தைக் குப்பையில் போடாதீர்கள். சான்று இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். சான்று இருந்தால் அனுப்பியவர் யார் என்று ஆராய வேண்டிய தேவை உங்களுக்கு இல்லை. புகார்தாரரின் பெயரைக் கட்டுரையாளருக்குத் தெரியவிடவும் வேண்டாம்.

வெளியான பிறகு

அச்சில் வந்துவிட்ட கட்டுரை என்றால் இரண்டு வழிகள். ஒரு சிறு பகுதி மட்டும் எடுக்கப்பட்டு, மீதி சொந்தமாகவும் சரியாகவும் இருந்தால் திருத்தக் குறிப்பு போதும், அதில் மூலத்தின் பெயரைச் சேர்க்க வேண்டும். கட்டுரையின் உயிரே இன்னொருவருடையது என்றால் திரும்பப் பெற வேண்டும். திரும்பப் பெறும் அறிவிப்பில் கட்டுரையின் தலைப்பு, எழுதியவர்கள், யார் திரும்பப் பெறுகிறார்கள், எதற்காக என்ற நான்கும் வெளிப்படையாக இருக்க வேண்டும். "சில காரணங்களால்" என்று எழுதும் அறிவிப்பு யாருக்கும் உதவாது. குற்றமில்லாத இணையாசிரியரையும் அது சந்தேகத்தில் நிறுத்தும். வசைச்சொல்லும் வேண்டாம்.

நம் இதழ்கள் செய்யும் பெரிய தவறு, இரவோடு இரவாகக் கட்டுரையை இணையதளத்திலிருந்து தூக்கிவிடுவது. கட்டுரை அங்கேயே இருக்க வேண்டும், ஒவ்வொரு பக்கத்திலும் "திரும்பப் பெறப்பட்டது" என்ற முத்திரையோடு. அறிவிப்பைக் காசு கேட்காமல் யாரும் படிக்கும்படி வைக்க வேண்டும். அச்சு இதழ் மட்டும் என்றால் அடுத்த இதழிலேயே, பொருளடக்கத்தில் இடம்பெறும் பக்கத்தில் போடுங்கள், பின்னட்டையின் உள்பக்கத்தில் அல்ல. ஏற்கெனவே அதை மேற்கோள் காட்டியவர்கள் தெரிந்துகொள்ள வேறு வழி இல்லை. மேற்கோள் காட்டுகிறவர்களும், திரும்பப் பெறப்பட்ட கட்டுரைகளைப் பட்டியலிடும் ரிட்ராக்‌ஷன் வாட்ச் தரவுத்தளத்தை ஒரு முறை பார்த்துக்கொள்ளலாம். 2023-ல் கிராஸ்ரெஃப் அதை வாங்கியதிலிருந்து எல்லாருக்கும் இலவசம்.

பட்டம் பெற்ற பிறகு ஏட்டில் திருட்டு நிறுவப்பட்டால் அந்தப் பட்டத்தையே நிறுத்திவைக்க 2018 விதிகளில் இடம் உண்டு. ஆகவே பழைய புகார் என்று எதையும் ஒதுக்க வேண்டாம்.

இவ்வளவு கடிதங்களுக்கு நடுவில் ஒருவரை எல்லாரும் மறந்துவிடுகிறார்கள். யாருடைய எழுத்து எடுக்கப்பட்டதோ அவருக்கு, என்ன நடந்தது, இதழ் என்ன செய்தது என்று ஒரு கடிதம் எழுதுங்கள். அறிவிப்பின் படியையும் இணையுங்கள். அது போய்ச் சேர்ந்த பிறகு கோப்பை மூடுங்கள்.